ஃபிலிமா டிஜிட்டலா: லூகாஸ் கூட்டி வைத்த பஞ்சாயத்து

சினிமா பேசும் நாலு பேர் கூடிய இடத்தில் "ஃபிலிம்ல எடுத்தா வர்ற அழகே தனிப்பா" என்று ஒருத்தர் ஆரம்பித்தால் போதும், அன்றைக்குப் பொழுது போச்சு. "அதெல்லாம் பழசு மேல இருக்கிற பாசம், இப்ப 8கே வரைக்கும் வந்தாச்சு" என்று எதிர்க்கட்சி கிளம்பும். இரண்டு பக்கமும் சத்தம் அதிகம், விவரம் கம்மி. பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் இந்த விவாதத்துக்கு முடிவே வராது. ஒரு படத்தைக் கையில் எடுத்து, அதை உரித்துப் பார்த்தால்தான் ஏதாவது பிடிபடும் என்பது என் கட்சி.

நான் எடுத்துக்கொண்ட படம், 2002 மே மாதம் வந்த 'ஸ்டார் வார்ஸ்: அட்டாக் ஆஃப் த குளோன்ஸ்'. கதை, வசனம், காதல் காட்சிகள் பற்றியெல்லாம் நான் வாயே திறக்கப் போவதில்லை. (திறந்தால் இன்றைக்கு முடியாது.) எனக்கு வேண்டியது அதன் பிம்பம் மட்டும். சுமார் 115 மில்லியன் டாலர் செலவில் எடுத்த ஒரு பிரம்மாண்டப் படத்தை ஒரு அடி ஃபிலிம்கூட இல்லாமல் முழுக்க டிஜிட்டல் கேமராவில் எடுத்துக் காட்டினார் ஜார்ஜ் லூகாஸ். அதற்கு முன்னாலும் டிஜிட்டலில் படம் எடுத்திருக்கிறார்கள்; ஆனால் அவை பெரும்பாலும் சின்னப் படங்கள், சோதனை முயற்சிகள். ஹாலிவுட்டின் நடுவீட்டில் இந்தப் பஞ்சாயத்தைக் கூட்டி வைத்தது இவர்தான்.

முதலில் அந்தக் கேமராவைப் பார்ப்போம். சோனியின் எஃப்900. பேனாவிஷன் கம்பெனி அதற்குத் தகுந்த லென்ஸ் செய்து கொடுத்தது. சினிமாவுக்கு வேண்டிய 24 ஃப்ரேம் வேகத்தில், ஹெச்டி தரத்தில், டேப்பில் பதியும் கேமரா. அந்தக் காலத்துக்கு அது பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் எண்களை வரிசையாகப் பாருங்கள்.

காகிதத்தில் அதன் படம் 1920-க்கு 1080 புள்ளிகள். டேப்பில் பதியும்போது அகலவாக்கில் 1920 என்பது 1440 ஆகச் சுருங்கிவிடும். நிறத்தைப் பற்றிய தகவல் அதிலும் மூன்றில் ஒரு பங்குதான்: ஒரு வரிக்கு 480. வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் 8 பிட், அதாவது இருட்டிலிருந்து வெளுப்பு வரை மொத்தமே 256 படிகள். இதெல்லாம் போதாது என்று, ஸ்டார் வார்ஸ் அகலத்திரைப் படம் அல்லவா? மேலேயும் கீழேயும் வெட்டியாக வேண்டும். வெட்டினால் 1080 வரியில் மிஞ்சுவது சுமார் 800. இன்றைக்கு நம் சட்டைப்பையில் கிடக்கும் போன் 2160 வரியில் வீடியோ எடுக்கிறது. அந்த 800 வரியில் ஒரு காலாக்டிக் யுத்தத்தையே எடுத்து வைத்திருக்கிறார்கள்.

சரி, வரிக்கணக்கு மட்டும்தானா தரம்? இல்லை. இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது, என்னைக் கேட்டால் அவைதான் முக்கியம்.

ஒன்று, சென்சாரின் அளவு. எஃப்900-இல் படம் விழும் இடத்தின் அகலம் ஒரு சென்டிமீட்டர்கூட வராது. 35 எம்எம் ஃபிலிமில் அது சுமார் இரண்டரை மடங்கு. இடம் சின்னதானால் முன்னால் நிற்கும் ஆளும் பின்னால் இருக்கும் சுவரும் ஒரேயடியாகத் தெளிவாகத் தெரியும். ஆளைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டும் அந்த மங்கல், சினிமா என்று நம் கண்ணுக்குப் பழகிப்போன மங்கல், கிடைப்பது கஷ்டம். கல்யாண வீடியோவும் சினிமாவும் ஏன் வேறு வேறு மாதிரித் தெரிந்தன என்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

இரண்டாவது, வெளிச்சத்தைத் தாங்கும் சக்தி. நெகட்டிவ் ஃபிலிமில் வெளிச்சம் கூடக் கூட, அது மெல்ல மெல்லத்தான் நிரம்பும். ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்தினாலும் அந்த வெள்ளைக்குள் ஏதோ ஒரு விவரம் ஒளிந்திருக்கும். அந்தக் காலத்து டிஜிட்டல் சென்சார் டம்ளர் மாதிரி. நிறைகிற வரை நிறையும், அதற்கு மேல் ஊற்றினால் வழிந்து போகும், அவ்வளவுதான். வழிந்தது திரும்பி வராது. நெற்றியில் விழும் வெயில், வெள்ளைச் சட்டை, மேகம் எல்லாம் வெள்ளைத் திட்டாக நின்றுவிடும். படம் பிடிப்பவர் பயந்து பயந்து வெளிச்சத்தைக் குறைத்து வைக்க வேண்டியிருக்கும். அந்தப் படத்தில் பல காட்சிகள் எந்த வெயிலும் படாதது போலத் தட்டையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். (இன்னொரு காரணம், முக்கால்வாசி நேரம் நடிகர்கள் நீலத்திரைக்கு முன்னால் நின்றது.)

நீலத்திரை என்றதும் ஞாபகம் வருகிறது. லூகாஸ் டிஜிட்டலுக்குப் போனதற்குச் சொன்ன பெரிய காரணமே கிராஃபிக்ஸ்தான். ஃபிலிமில் எடுத்தால் அதைக் கழுவி, ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோய், வேலை முடிந்ததும் திரும்ப ஃபிலிமில் பதிய வேண்டும். டிஜிட்டலில் எடுத்தால் முதல் பாதி வேலையே இல்லை. நியாயமான வாதம். ஆனால் நீலத்திரையை வெட்டி எடுப்பது என்பதே நிறத்தை வைத்துச் செய்யும் வேலை. எந்தப் புள்ளி நீலம், எது தலைமுடி என்று கம்ப்யூட்டர் நிறத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த நிறத்தகவலைத்தான் டேப் மூன்றில் ஒன்றாக நறுக்கி வைத்திருந்தது! எந்த வேலைக்காக அந்தக் கேமராவை வாங்கினார்களோ, அந்த வேலையில்தான் அது வீக். 2005-இல் வந்த அடுத்த பாகமான 'ரிவெஞ்ச் ஆஃப் த சித்' படத்துக்கு நிறத்தை நறுக்காமல் முழுசாகப் பதியும் எஃப்950-க்கு மாறினார்கள். வெளியே யாரும் ஒப்புக்கொண்டார்களோ இல்லையோ, கேமரா மாறியதே பதில்.

இதில் ஒரு வேடிக்கை என்ன தெரியுமா? 1977-இல் முதல் ஸ்டார் வார்ஸ் எடுத்தபோது இதே லூகாஸின் கிராஃபிக்ஸ் கூட்டம் நேர் எதிராக யோசித்தது. ஒரு ஃபிலிமின் மேல் இன்னொன்றை வைத்துப் பிரதி எடுக்க எடுக்கத் தரம் குறையும் என்று தெரிந்து, கிராஃபிக்ஸ் காட்சிகளுக்கு மட்டும் சாதாரண 35 எம்எம்மை விடப் பெரிய பிம்பம் தரும் விஸ்டாவிஷன் என்ற பழைய முறையைத் தூசு தட்டி எடுத்தார்கள். ஃபிலிமைப் படுக்கைவாட்டில் ஓட்டி இரண்டு ஃப்ரேம் இடத்தில் ஒரு ஃப்ரேம் எடுப்பது. எதை இழக்கப் போகிறோமோ அதை முன்கூட்டியே அதிகமாகச் சேர்த்து வைப்பது என்ற புத்தி. இருபத்தைந்து வருஷம் கழித்து அந்தப் புத்தி எங்கே போனது?

பணத்துக்காகவா? பி.காம் படிக்கிறவனிடம் இதைக் கேட்காமல் விட முடியுமா! கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 35 எம்எம் ஃபிலிம் 1000 அடி ரோல் ஓடுவது சுமார் 11 நிமிடம். ஒரு டேப் 40 நிமிடத்துக்கு மேல் ஓடும், விலையும் ரொம்பக் குறைவு, கழுவும் செலவு கிடையாது. மிச்சம் உண்மைதான். ஆனால் 115 மில்லியன் டாலர் படத்தில் ஃபிலிம் ரோல் செலவு ஒன்றும் தலைபோகிற ஐட்டம் இல்லை. லோ பட்ஜெட் படத்துக்கு அது உயிர்ப் பிரச்சினை, லூகாஸுக்கு அல்ல.

உண்மையான பணம் இருந்தது வேறு இடத்தில்: தியேட்டர் பிரிண்ட். ஒரு பிரிண்ட் போட ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் டாலர் வரை ஆகும் என்பார்கள். இந்த மாதிரிப் படம் அமெரிக்காவில் மட்டுமே மூவாயிரம் தியேட்டருக்கு மேல் ரிலீஸ் ஆகும். அங்கேதான் டிஜிட்டல் லாபம். ஆனால் பாருங்கள், பிரிண்ட் செலவு மிச்சமாவது விநியோகஸ்தருக்கு. புது புரொஜெக்டர் வாங்கிக் கடனாளி ஆவது தியேட்டர்காரர். செலவு ஒருத்தர் தலையில், லாபம் இன்னொருத்தர் பையில். எந்தத் தியேட்டர்காரர் ஒத்துக்கொள்வார்? அதனால் 2002-இல் அமெரிக்காவில் டிஜிட்டலில் இந்தப் படத்தைக் காட்டிய திரைகள் நூறுகூட வரவில்லை. மற்ற எல்லா இடத்திலும் டிஜிட்டலில் எடுத்ததைத் திரும்ப ஃபிலிமில் பதிந்து, வழக்கம்போலப் பெட்டியில் வைத்து அனுப்பினார்கள். ஃபிலிமை ஒழிக்க வந்த படத்தைப் பெரும்பாலான ஜனங்கள் ஃபிலிமில்தான் பார்த்தார்கள்.

(இந்த முடிச்சு பிறகு எப்படி அவிழ்ந்தது என்பது ஒரு நல்ல கேஸ் ஸ்டடி. விநியோகஸ்தர் தனக்கு மிச்சமாகும் பிரிண்ட் செலவில் ஒரு பங்கை, ஒவ்வொரு படத்துக்கும் தியேட்டருக்குக் கட்டணமாகக் கொடுத்தார். அதற்கு 'விர்ச்சுவல் பிரிண்ட் ஃபீ' என்று பெயர். போடாத பிரிண்டுக்குக் கொடுக்கும் காசு! அதை வைத்துத் தியேட்டர்காரர் புரொஜெக்டர் கடனை அடைத்தார். கூடவே 2009 டிசம்பரில் 'அவதார்' 3டி-யில் வந்து எல்லாரையும் அவசரப்படுத்தியது. 2013 முடிவில் பாரமவுண்ட் 'த உல்ஃப் ஆஃப் வால் ஸ்ட்ரீட்' படத்தை அமெரிக்காவில் டிஜிட்டலில் மட்டும் வெளியிட்டது. பதினோரு வருஷத்தில் கதை முடிந்தது.)

அதே 2002 நவம்பரில் இன்னொரு கூத்து. 'குளோன்ஸ்' படத்தை ஐமேக்ஸில் வெளியிட்டார்கள். ஐமேக்ஸ் என்றால் அந்தக் காலத்தில் உலகத்திலேயே பெரிய ஃபிலிம். 35 எம்எம் ஃப்ரேமை விடப் பல மடங்கு பெரிய ஃப்ரேம். அந்த மாபெரும் ஃபிலிமில் கொண்டுபோய் அந்த 800 வரியை ஊதிப் பெருக்கி வைத்தார்கள். ஐமேக்ஸ் புரொஜெக்டர் தட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஃபிலிம் வைக்க முடியாது என்பதால் படத்தையும் 120 நிமிடத்துக்கு நறுக்கினார்கள். அண்டா நிறையத் தண்ணீரில் ஒரு ஸ்பூன் ஹார்லிக்ஸ்.

இவ்வளவு திட்டிவிட்டு லூகாஸ் பக்க நியாயத்தைச் சொல்லாமல் போனால் பாவம். ஃபிலிம் ரசிகர்கள் பேசும்போது ஒரு விஷயத்தை வசதியாக மறந்துவிடுவார்கள். கேமராவில் ஓடிய நெகட்டிவை யாரும் தியேட்டரில் ஓட்ட மாட்டார்கள். அதிலிருந்து ஒரு பாசிட்டிவ், அந்தப் பாசிட்டிவிலிருந்து இன்னொரு நெகட்டிவ், அதிலிருந்து தியேட்டர் பிரிண்ட் என்று நம் கண்ணுக்கு வந்து சேர்வது நாலாவது தலைமுறை. நோட்ஸை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்து, பரீட்சைக்கு முந்தின நாள் நமக்குக் கிடைக்குமே, அந்த மாதிரி. அதற்கு மேல் புரொஜெக்டரில் ஃபிலிம் லேசாக ஆடும், நாலு வாரத்தில் கீறல் விழும், ரீல் மாறும் இடத்தில் தூசு. "என் படம் ஆயிரமாவது ஷோவிலும் முதல் ஷோ மாதிரியே இருக்கும்" என்று டிஜிட்டல்காரர் சொன்னால் அதற்குப் பதில் கிடையாது. சாதாரணத் தியேட்டரில் சாதாரணப் பிரிண்ட் பார்த்த ஒருத்தருக்கு 2002-இல் பெரிய வித்தியாசம் தெரிந்திருக்காது என்றே நானும் நம்புகிறேன்.

அப்படியானால் பிரச்சினை என்ன? இங்கேதான் எனக்கு அக்கவுண்டன்சி பாடம் ஞாபகம் வருகிறது. சீக்ரெட் ரிசர்வ் என்று படித்திருப்போம். பேலன்ஸ் ஷீட்டில் தெரியாது, ஆனால் கம்பெனியிடம் இருக்கும். ஃபிலிம் நெகட்டிவ் அப்படிப்பட்ட ஒரு ரிசர்வ். படம் வெளியான அன்று யாரும் பார்த்திராத விவரம் அதற்குள் உட்கார்ந்திருக்கும். 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' 1962-இல் 65 எம்எம் நெகட்டிவில் எடுத்த படம். ஐம்பது வருஷம் கழித்து அந்த நெகட்டிவை 8கே-யில் ஸ்கேன் செய்து 2012-இல் 4கே-யில் வெளியிட்டார்கள். டேவிட் லீன் அந்தப் பாலைவனத்தை எடுத்தபோது 4கே என்ற சொல்லே கிடையாது. ஆனாலும் பாலைவனம் உள்ளே இருந்தது.

'குளோன்ஸ்' படத்துக்கு அந்த ரிசர்வ் கிடையாது. அன்றைக்குக் கேமரா எதைப் பார்த்ததோ அதுவே மொத்தச் சொத்து. 2020-இல் ஸ்டார் வார்ஸ் படங்கள் எல்லாம் 4கே டிஸ்க்காக வந்தன. 1977 படத்துக்கு நெகட்டிவ் இருந்தது, தோண்டி எடுத்தார்கள். 2002 படத்துக்கு இருப்பதையே இழுத்துப் பெரிதாக்கினார்கள், வேறு வழியில்லை. இருபத்தைந்து வருஷம் பழைய படம், தன் தம்பியை விடத் தெளிவாக இருக்கிறது. எனக்கு இந்த முழு விவகாரத்திலும் மனசில் நிற்பது இதுதான். வெளிவந்த அன்று யாருக்கும் நஷ்டமில்லை. நஷ்டம் முழுக்கப் பின்னால் வரும் பார்வையாளருக்கு. அவர்களை யாரும் கேட்கவில்லை.

உடனே ஃபிலிம் கட்சி விசிலடிக்க வேண்டாம். ஃபிலிமில் எடுத்தாலே ரிசர்வ் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' மூன்று படமும் ஃபிலிமில் எடுத்தவைதான். ஆனால் கிராஃபிக்ஸ் எல்லாம் 2கே அளவில் செய்யப்பட்டது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு அதற்கு மேல் தாங்காது, தாங்கினாலும் செலவு நாலு மடங்கு. நெகட்டிவ் பெட்டியில் எவ்வளவு விவரம் இருந்தாலும் கம்ப்யூட்டரில் செய்த பூதம் 2கே பூதம்தான். லூகாஸ் 1999-இல் பெரும்பாலும் ஃபிலிமில் எடுத்த 'த ஃபேன்டம் மெனஸ்' படத்துக்கும் இதே கதி. பிரம்மாண்டப் படம் என்றாலே பாதிக்கு மேல் கம்ப்யூட்டரில் பிறப்பது. அந்தப் பாதிக்குக் கேமரா எதுவானால் என்ன?

சரி, அந்தக் கால டிஜிட்டலில் நல்லதே இல்லையா? இருந்தது. 2004-இல் மைக்கேல் மேன் எடுத்த 'கொலேட்டரல்'. டாம் க்ரூஸ் வாடகைக் கொலையாளி, ஜேமி ஃபாக்ஸ் டாக்சி டிரைவர், ஒரே ராத்திரி, லாஸ் ஏஞ்சலிஸ். மேன் பெரும்பகுதியை டிஜிட்டலில் எடுத்தார், அதே எஃப்900-உம் தாம்சன் வைப்பர் என்ற கேமராவும். காரணம் செலவு இல்லை, கிராஃபிக்ஸும் இல்லை. ராத்திரியில் ஃபிலிம் பார்க்காததை அந்த சென்சார் பார்த்தது. தெருவிளக்கின் ஆரஞ்சு வெளிச்சம் மேகத்தில் பட்டுத் திரும்பி வானமே மங்கலாக ஒளிர்வதை, டாக்சிக்குப் பின்னால் மூன்று மைல் தூரத்துக் கட்டடங்களை. ஃபிலிமில் அந்த வானம் வெறும் கறுப்பு. தெருவைக் கயோட்டி கடக்கும் காட்சி ஒன்று வரும், பார்த்தவர்களுக்குத் தெரியும். அதில் படம் முழுக்க டிஜிட்டல் இரைச்சல் பொடிப்பொடியாக ஆடும். எனக்கு அது ஒரு குறையாகவே தோன்றவில்லை. இதே படத்தில் உள்ளே நடக்கும் சில காட்சிகளை மேன் ஃபிலிமில் எடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். எது எதற்கு உதவும் என்று தெரிந்த ஆள்.

அதே மேன் 2009-இல் 1930-களின் கொள்ளைக்காரன் கதையான 'பப்ளிக் எனிமீஸ்' படத்தை டிஜிட்டலில் எடுத்தபோது எனக்கு ஒட்டவே இல்லை. தொப்பியும் கோட்டும் போட்ட ஜானி டெப்பை யாரோ ஹேண்டிகேமில் எடுத்த மாதிரி இருந்தது. அந்தக் காலத்தை நேரில் பார்க்கிற உணர்வு வருகிறது என்று பாராட்டியவர்களும் உண்டு. அவரவர் கண்.

பிறகு 2010-இல் ஜெர்மனியின் ஆரி கம்பெனி அலெக்சா கேமராவைக் கொண்டுவந்தது. என் பார்வையில் கட்சி மாறியது அப்போதுதான். வரிக்கணக்குப் பைத்தியங்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. அலெக்சாவின் பதிவு 3கே-க்கும் கீழே. அதற்கு முன்பே ரெட் கம்பெனி 4கே கேமரா விற்றுக்கொண்டிருந்தது. ஆனாலும் ஒளிப்பதிவாளர்கள் கூட்டமாக அலெக்சா பக்கம் போனார்கள். ஏன்? வெளிச்சம் கூடும்போது அது டம்ளர் மாதிரி வழியவில்லை. ஃபிலிம் மாதிரி மெல்ல நிரம்பியது. முகத்தின் தோல் தோலாகத் தெரிந்தது. சென்சாரும் 35 எம்எம் ஃபிலிம் அளவு. ராபர்ட் ரிச்சர்ட்சன் 'ஹூகோ' (2011), பாண்டிச்சேரியிலும் எடுக்கப்பட்ட 'லைஃப் ஆஃப் பை' (2012) இரண்டும் அலெக்சா, இரண்டும் ஒளிப்பதிவுக்கான ஆஸ்கர். ரோஜர் டீகின்ஸ் 'ஸ்கைஃபால்' படத்தில் ஷாங்காய் கட்டடத்துக்குள் கண்ணாடியும் நியானும் வைத்து ஒரு சண்டை எடுத்திருப்பார். அதைப் பார்த்த பிறகும் டிஜிட்டல் என்றால் அழகில்லை என்பவரிடம் எனக்கு வாதம் இல்லை, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம் :-)

ஆக 2012-இல் விவாதம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை, ஆனால் அதன் விஷயம் மாறியது. அதே 2012 ஜனவரியில் கோடாக் திவால் மனு கொடுத்தது. 2013-இல் ஃபியூஜி சினிமா நெகட்டிவ் தயாரிப்பதையே நிறுத்தியது. கோடாக்கின் சினிமா ஃபிலிம் விற்பனை 2006-இலிருந்து 2014-க்குள் சுமார் 96 சதவீதம் விழுந்தது. நாம் படித்த ஃபிக்ஸட் காஸ்ட் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். ராச்செஸ்டர் நகரில் இருக்கும் அந்த ஃபிலிம் தொழிற்சாலை மைல் கணக்கில் ஃபிலிமுக்கு மருந்து பூசுவதற்காகக் கட்டப்பட்டது. பத்து ரோல் வேண்டும் என்றால் பத்து ரோலுக்கு மட்டும் ஓட்ட முடியாது. ஓடினால் பெரிதாக ஓடும், இல்லையென்றால் பூட்டு. பூட்டிவிட்டால் ஆள் கலைந்துவிடும், திரும்பத் திறப்பது என்ற பேச்சே இல்லை. நோலன், டாரன்டினோ, ஜே.ஜே.ஏப்ரம்ஸ் போன்றவர்கள் ஸ்டூடியோக்களை நெருக்கி, 2015-இல் ஹாலிவுட்டின் ஆறு பெரிய ஸ்டூடியோக்களும் கோடாக்கிடம் தொடர்ந்து ஃபிலிம் வாங்குவதாக ஒப்பந்தம் போட வைத்தார்கள். படம் எடுக்கிறார்களோ இல்லையோ, வாங்கிக் கொள்வதாக. கல்லூரிப் பாடத்தில் கிடைக்காத வகையான தேவை-அளிப்பு!

அந்த வருஷமே ஏப்ரம்ஸ் 'த ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' படத்தை ஃபிலிமில் எடுத்தார். ஃபிலிமை வழியனுப்பி வைத்த ஸ்டார் வார்ஸ், அதைத் திரும்ப வீட்டுக்குள் அழைத்தது. அடுத்து 2017-இல் 'த லாஸ்ட் ஜெடாய்' ஃபிலிமையும் அலெக்சாவையும் கலந்து எடுக்கப்பட்டது. அதன் ஒளிப்பதிவாளர் ஸ்டீவ் யெட்லின் ஒரு வேலை செய்தார். ஒரே காட்சியை ஃபிலிமிலும் டிஜிட்டலிலும் எடுத்து, தானே எழுதிய கணக்குகளை வைத்து டிஜிட்டலின் நிறத்தையும் துகளையும் ஃபிலிம் மாதிரியே மாற்றி, எது எது என்று சொல்லுங்கள் பார்ப்போம் என்று காட்டினார். கண்டுபிடிப்பது கஷ்டம். நான் பார்த்தேன், என்னால் முடியவில்லை. அவர் சொல்ல வருவது எளிது: 'ஃபிலிம் லுக்' என்பது கேமராவுக்குள் இல்லை, எடுத்த தகவலை எப்படிக் காட்டுகிறோம் என்பதில் இருக்கிறது. தகவல் போதுமான அளவு இருக்க வேண்டும், அவ்வளவுதான். (எஃப்900-இல் அது இல்லாமல் போனதுதான் விஷயம்.)

யெட்லின் சொல்வது சரி என்றே நினைக்கிறேன். ஆனாலும் 'டூன்' (2021) ஒளிப்பதிவாளர் க்ரெய்க் ஃப்ரேசர் என்ன செய்தார்? அலெக்சா எல்எஃப்-இல் எடுத்த மொத்தப் படத்தையும் 35 எம்எம் ஃபிலிமில் பதிந்து, அந்த ஃபிலிமைத் திரும்ப ஸ்கேன் செய்து டிஜிட்டலாக்கினார். தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட கதை. ஆனால் அந்த மணலைப் பார்க்கும்போது, அந்தச் சுற்று வீண் என்று சொல்ல மனசு வரவில்லை.

இதற்கு நேர் எதிராக ஒன்று நடக்கிறது, எனக்கு அதுதான் நிஜமான கவலை. ஜேம்ஸ் கேமரூனின் 'ஏலியன்ஸ்' (1986), 'ட்ரூ லைஸ்' (1994) இரண்டும் 2023-24-இல் 4கே-யில் வந்தன. இரண்டும் நல்ல ஃபிலிமில் எடுத்தவை. ஆனால் ஃபிலிமின் துகளையெல்லாம் கம்ப்யூட்டரால் துடைத்து, பிறகு விளிம்புகளைக் கூர்மையாக்கி, சில இடங்களில் ஆர்னால்டின் முகம் மெழுகு பொம்மை மாதிரி இருக்கிறது. புதிதாக டிஜிட்டலில் எடுக்கிறவர் ஃபிலிம் துகளைத் தூவிக்கொண்டிருக்கிறார். பழைய ஃபிலிம் படம் வைத்திருக்கிறவர் இருக்கிற துகளைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். துகள் அழுக்கு அல்ல. ஃபிலிமில் படம் என்பதே அந்தத் துகள்தான். அதைத் துடைத்தால் கூடவே போவது முகம். நெகட்டிவ் பத்திரமாக இருக்கும் வரை பரவாயில்லை, இன்னொரு தலைமுறை திரும்ப ஸ்கேன் செய்துகொள்ளும். ஆனால் கடையில் கிடைப்பது துடைத்த பிரதி மட்டும்தான் என்றால், ரிசர்வ் பெட்டிக்குள் இருந்து என்ன புண்ணியம்?

நம் ஊர் ரசிகர்களுக்கும் ஒரு விஷயம். 2023-இல் 'ஓப்பன்ஹைமர்' வந்தபோது ஐமேக்ஸ் ஃபிலிம் பிரிண்ட் பற்றி இங்கேயும் ஏகப்பட்ட பேச்சு. ஒரு பிரிண்டின் நீளம் 11 மைல், எடை 600 பவுண்ட். அதன் கறுப்பு வெள்ளைக் காட்சிகளுக்காக 65 எம்எம் கறுப்பு வெள்ளை ஃபிலிமைக் கோடாக் முதன்முறையாகச் செய்து கொடுத்தது. எல்லாம் சரி, அந்தப் பிரிண்ட் ஓடிய தியேட்டர்கள் உலகம் முழுக்கச் சுமார் 30. இந்தியாவில் ஒன்றுகூட இல்லை. நாம் எல்லாரும் பார்த்தது அதன் டிஜிட்டல் பிரதிதான். "ஃபிலிம்னா ஃபிலிம்தான்யா" என்று தியேட்டர் வாசலில் சிலிர்த்தவர்கள் சிலிர்த்தது நோலனின் நெகட்டிவுக்கா, புரொஜெக்டரின் பல்புக்கா? பல்பின் ஆயுளை நீட்டிக்க வெளிச்சத்தைக் குறைத்து ஓட்டும் தியேட்டரில் உட்கார்ந்தால் 65 எம்எம்மும் ஒன்றுதான், போனில் எடுத்ததும் ஒன்றுதான்.

போன் என்றதும், 2025-இல் வந்த '28 இயர்ஸ் லேட்டர்' படத்தின் பெரும்பகுதி ஐபோனில் எடுத்தது. லென்ஸ், ஸ்டாண்டு என்று சுற்றிலும் ஏகப்பட்ட சாமான் மாட்டித்தான், ஆனாலும் போன். அதே வருஷம் 'சின்னர்ஸ்' 65 எம்எம் ஃபிலிமில் வந்தது. 2023-இல் 80 மில்லியன் டாலர் செலவில் 'த க்ரியேட்டர்' படத்தை, கல்யாண வீடியோகிராஃபர்கள் வைத்திருக்கும் சோனி எஃப்எக்ஸ்3-இல் எடுத்தார்கள். எல்லாமே ஒரே சமயத்தில் ஓடுகிறது. இப்போதைக்கு.

டிஸ்கி: இரண்டையும் ஒரே உட்காரலில் ஒப்பிட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் டேனி பாயிலின் '28 டேஸ் லேட்டர்' (2002) பாருங்கள். ஏறக்குறைய முழுப் படமும் கேனான் எக்ஸ்எல்1 என்ற மினி-டிவி கேமராவில் எடுத்தது, 'குளோன்ஸ்' கேமராவை விட மட்டமான ரெசல்யூஷன். காலியான லண்டனில் ஹீரோ நடப்பது மொறமொறவென்று இருக்கும், அந்தக் கதைக்கு அது பொருத்தமாகவும் இருக்கும். கடைசிக் காட்சி மட்டும் 35 எம்எம் ஃபிலிம். பச்சை மலை, வெயில். எந்த இடத்தில் மாறுகிறது என்று உங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்காது.